சுங்கான் பிடித்த ஒரு மாலை

சுங்கான் என்னும் சொல்லை இன்று பலர் மறந்திருப்பர். புகை குடிக்கும் குழாய்க்குத் தமிழர் வழங்கிய பெயர் அது. ஒரு முனையில் இலையிடும் கிண்ணமும் மறுமுனையில் வாய் வைக்கும் தண்டும் உடையது. பிற்காலத்தில் ‘பைப்பு’ என்ற ஆங்கிலச் சொல் வந்து குந்திக்கொண்டது. சுங்கான் அகராதிக்குள் போய் ஒதுங்கிவிட்டது. அறுபது வயதைக் கடந்த பின்னர், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, நான் சுங்கான் பிடித்துப் பார்த்தேன். அந்த ஒரு மாலைப் பொழுது என்னைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னே அழைத்துச் சென்றது. அதைத்தான் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. மழைக்காலத்தில் அருவி, மற்றக் காலத்தில் காடும் அமைதியும். 1967ஆம் ஆண்டில் அமைத்த சிறு விலங்குக் காட்சிச்சாலை ஒன்றும் அங்கு உண்டு. என் அன்னையாரின் பிறந்தகம் அவ்வூர். வாழ்க்கைப்பட்டது குடியாத்தம். தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அன்னையார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றினார். முதுமையில் பிறந்த மண்ணுக்கே திரும்பிவிட்டார்.

என் பெரியப்பா மகன் ஆம்பூரில் தோல் வேலை கற்று, நார்த்தாம்ப்டன் நகரில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். காலணித் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. நம் ஊர் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல், சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, இலண்டன் ஏலத்துக்குப் போன காலம் ஒன்று உண்டு. ஆகவே எங்கள் குடும்பத்தார்க்கு இங்கிலாந்து அவ்வளவு அயல் நாடன்று. எங்கள் ஊர்த் தோல் எங்களுக்கு முன்னரே அங்குச் சென்று குடியேறிவிட்டது. அண்ணன் விடுமுறையில் வந்தபோது, அன்னையாருக்குக் கம்பளிப் போர்வை ஒன்றும் தமக்கெனச் சுங்கான் ஒன்றும் உள்ளங்கையளவு தகரப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்தார்.

பெட்டியைத் திறந்தவுடன் எனக்கு வியப்பு. தூளாகவோ சுருளாகவோ இருக்கும் என்று எண்ணியிருந்தேன். உள்ளே இருந்தவையோ பழுப்பு நிறமான மெல்லிய பட்டைகள். தோல் தொழிற்சாலையில் அறுத்துத் தள்ளிய துண்டுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. ஆங்கிலேயர் இதனை ‘ஃபிளேக்’ என்பர். நாம் வில்லை எனலாம்.

இது செய்யப்படும் முறை சுவையானது. வர்ஜீனியா வகை இலையின் நடு நரம்பை உரித்தெடுப்பர், ஆவியில் இளக்குவர், படுக்கை படுக்கையாக அச்சில் அடுக்கி, பெரும் பளுவால் அழுத்துவர். அழுத்தத்தில் இலை தன் சாற்றிலேயே ஊறிக் கருமை கொள்ளும். நாட்பட நாட்பட அதன் காரம் அடங்கி இனிமை ஏறும். பின்னர் அந்தப் பாளத்தைக் கத்தியால் மெல்லிய வில்லைகளாகச் சீவுவர். பழங்காலக் கடலோடிகளே இதற்கு வழிகாட்டிகள் என்பர். அவர்கள் இலைமேல் ரம் தெளித்து, கித்தான் துணியில் சுற்றி, கயிற்றால் இறுக வரிந்து கட்டி வைத்து, வேண்டும்போது சீவிக்கொள்வார்களாம். ‘நேவி கட்’ என்ற பெயர் அதன் எச்சம். பிரிஸ்டல் நகரில் வில்ஸ் குடும்பத்தார் 1786இல் புகையிலை வாணிகத்தில் இறங்கினர். வட இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் 1792 முதல் மூக்குப்பொடி அரைக்கும் தொழில் வேரூன்றி, பின்னர் வில்லைப் புகையிலைக்கும் அவ்வூர் பெயர்பெற்றது.

இலையை ஊறவைத்துப் பக்குவப்படுத்துவது நமக்குப் புதிதா? வேதாரணியத்திலும் கோவைப் பகுதியிலும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கு உப்புநீரும் வெல்லப்பாகும் தெளித்து, குவித்து மூடிப் புழுங்கவைப்பதை நம் உழவர் நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். புகையிலையைப் பழனி முருகனிடம் தூது அனுப்பிச் சீனிச்சர்க்கரைப் புலவர் ஒரு நூலே பாடினார், உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். மேகத்தையும் அன்னத்தையும் தூது விட்ட மரபில் புகையிலையும் ஏறிவிட்டதென்றால், அந்த இலை மக்கள் வாழ்வில் எவ்வளவு ஊன்றியிருக்க வேண்டும்! இத்தனைக்கும் அது போர்த்துக்கீசியர் கொண்டுவந்த விருந்தாளிப் பயிர்.

முதன்முதலாகச் சுங்கான் பிடித்தவர் படும் பாட்டுக்கு ஒரு பேரரசரின் சான்றே இருக்கிறது. 1604ஆம் ஆண்டை ஒட்டி, பீசப்பூருக்குத் தூது சென்று திரும்பிய அசத் பேக் என்பவர், மணிகள் இழைத்த புகைக்குழாய் ஒன்றையும் புகையிலையையும் அக்பரின் முன் வைத்தார். அக்பர் வாங்கி இழுத்தும் பார்த்தார். அரண்மனை மருத்துவர் குறுக்கிட்டார். நம் மருத்துவ நூல்களில் இல்லாத பொருள், குணமறியாமல் எவ்வாறு தருவது என்பது அவர் வாதம். அசத் பேக் விடவில்லை. பிற நாட்டு அறிஞர் ஏற்றதை நாம் ஆராயாமல் தள்ளலாமா என்று எதிர்வாதம் செய்தார். அக்பர் பின்னர் அதைத் தொடவில்லை. ஆனால் அவையில் இருந்த பெருமக்கள் தொட்டுவிட்டனர். 1617இல் அவர் மகன் சகாங்கீர் புகை குடிப்பதைத் தடுத்து ஆணையிட்டதும் பயன்படவில்லை.

அதே 1604இல் இங்கிலாந்தின் முதலாம் சேம்சு மன்னரும் புகையிலையை வைது ஒரு சிறு நூல் வெளியிட்டார். வைததோடு நில்லாமல், ஓர் இராத்தலுக்கு 2 பென்சாக இருந்த வரியை 6 ஷில்லிங் 10 பென்சாக உயர்த்தினார். வெறுப்பும் வருவாயும் ஒரே கையில் சேர்ந்தன. அந்தக் கூட்டு இன்றுவரை பிரியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். காட்டோரம் நெருப்பு ஆகாது. ஆதலால் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தோம். அண்ணன் ஒரு வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உதிர்த்தார். சற்று நேரம் உலரவிட்டார். “கிண்ணத்தின் அடியில் குழந்தை கைபோல மெல்லத் திணி, மேலே போகப் போகச் சற்று அழுத்து,” என்றார். முதல் தீக்குச்சியில் மேற்பரப்பு கருகி எழும்பியது. அதை அமுக்கி, இரண்டாவது குச்சி கிழிக்கவேண்டுமாம். நான் அமுக்கிய அமுக்கில் அணைந்தேவிட்டது. ஐந்து குச்சிகள் செலவான பின் புகை வந்தது.

“அவசரப்படாதே, தம்பி. சூடான காபியை உறிஞ்சுவதுபோல் இழு. நெஞ்சுக்குள் விடாதே.”

நான் அவசரப்பட்டேன். வர்ஜீனியா இலையில் சர்க்கரை மிகுதி. விரைந்து இழுத்தால் வெப்பம் ஏறி நாக்கைச் சுடும். சுட்டது. அதைத் தாண்டி மெல்ல இழுத்தபோது, வெயிலில் காய்ந்த வைக்கோலின் மணமும் புளிப்பேறிய பழத்தின் மணமும் இடையிடையே வந்தன என்பதை மறைப்பதற்கில்லை. நன்றாகவே இருந்தது. கால் மணி நேரம் கழிந்ததும் விக்கல் எடுத்தது, நெற்றி வியர்த்தது, எதிரே இருந்த மலை மெல்ல ஆடியது. அன்னையார் உள்ளிருந்து ஒரு துண்டு வெல்லம் கொண்டுவந்து என் வாயில் இட்டார். “சும்மா இருந்த இலையைக் கட்டி வைத்து முறுக்கேற்றியிருக்கிறார்கள், முறுக்கு இருக்கத்தானே செய்யும்?” என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் என் நினைவில் நிற்கிறது. பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்தார். முகர்ந்தார். பார்வை மங்கிய கண்ணுக்கு அருகே கொண்டுபோகாமல், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார். நாற்பது ஆண்டுகள் தூள் அள்ளிய விரல்கள் அவை.

“நரம்பே இல்லை. இதை யார் உரித்தது, ராசா?”

“பெரும்பாலும் பெண்கள்தாம், சித்தி. இப்போது இயந்திரம் வந்துவிட்டது.”

“இந்தப் பெட்டி என்ன விலை?”

அண்ணன் விலையைச் சொல்லி, அதில் பெரும்பகுதி அரசாங்க வரி என்றும் விளக்கினார். அன்னையார் வரியைப் பொருட்படுத்தவில்லை. ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று மனத்துக்குள் வகுத்துப் பார்த்து, “பத்து நாள் வேலை,” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் கேட்ட முதற்கேள்விதான் என்னைப் புத்தகங்களை நோக்கித் தள்ளியது. யார் உரித்தது? வில்லைப் புகையிலையைப் பற்றிய நூல்களில் நிறுவனத்தின் பெயர் உண்டு. கலவை வகுத்தவரின் பெயர்கூட உண்டு. நரம்பு உரித்தவரின் பெயர் இல்லை. பிரிஸ்டலின் பெட்மின்ஸ்டர் பகுதியில் 1886இல் திறந்த வில்ஸ் ஆலையில் நாள் முழுதும் இலை உரித்தவரும் சுருட்டியவரும் பெரும்பாலும் இளம்பெண்களே. 1901இல் அமெரிக்க முதலாளிகளின் போட்டியைத் தாங்க, வில்ஸ் முதலிய குழுமங்கள் ஒன்றுகூடி இம்பீரியல் டொபாக்கோ ஆயின. மறு ஆண்டில் பகைவரும் அவரும் உலகத்தைப் பங்கிட்டுக்கொண்டு, பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவை நிறுவினர். 1910இல் கல்கத்தாவில் அதன் இந்தியக் கிளை தோன்றியது. 1912இல் குண்டூரில் இலை வளர்ப்புக்கென்றே தனி நிறுவனம் வந்தது. 1920களில் அங்குச் சூளை வைத்து வர்ஜீனியா இலையை உலர்த்தக் கற்றனர். அவ்வாறு நம் கரிசல் மண்ணில் விளைந்த இலையும் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. என் அண்ணன் கொணர்ந்த பெட்டியில் இருந்தது எந்த நாட்டு இலையோ, பெட்டி சொல்லவில்லை.

சுருட்டின் கதை மட்டும் சற்று ஆறுதல் தருகிறது. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று வழங்குவது நம் சுருட்டே. பொருளோடு சொல்லும் ஏற்றுமதியாயிற்று. திண்டுக்கல் இலையில் உறையூரில் சுற்றிய திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இலண்டன் கடைத்தெருவில் அவ்வளவு பழக்கமாயிற்று. 1887இல் கானன் டாயில் எழுதிய கதையில், சாம்பலைக் கண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கூறிவிடுகிறார். துப்பறிவாளர்க்கும் அதைச் சுற்றிய உறையூரானின் பெயர் தெரிந்திருக்க வழியில்லை.

பீடியின் நிலை இன்னும் கீழ். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கங்களில் தெருத்தோறும் பெண்கள் முறத்தை மடியில் வைத்து அமர்ந்திருப்பர். மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வந்த இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவாகக் கத்தரித்து, தூள் இட்டு, சுருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்டுவர். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு ஆயிரம். கண்டிராக்டர் வந்து, பழுதென்று சில கட்டுகளைக் கழிப்பார். கழித்தவற்றுக்குக் கூலி இல்லை, ஆனால் அவற்றையும் எடுத்துக்கொண்டு போவார். சிறுவனாக இருந்தபோது இந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை. இப்போதும் புரியவில்லை. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1976இல் நல நிதிச் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரும் தொழிலாளியே என்று சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய செய்தி. அன்னையாருக்கு அடையாள அட்டை கிடைத்த நாளில், அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

புகையின் தீமையைப் பற்றி மருத்துவர் பேசுவதை நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. 1950இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் இங்கிலாந்தில் செய்த ஆராய்ச்சி, நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைக்கும் உள்ள தொடர்பை ஐயமற நாட்டத் தொடங்கியது. சுங்கான் பிடிப்போர் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்று ஆறுதல் கொள்வதுண்டு. வாய்க்கும் நாவுக்கும் அந்த ஆறுதல் இல்லை. அன்னையார் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடப் பற்றவைத்ததில்லை. ஆயினும் தூளின் நெடியில் நாற்பது ஆண்டுகள் அமர்ந்த நெஞ்சு, இரவு இரண்டு மணிக்கு இருமத் தொடங்கினால் விடியும்வரை ஓயாது. அன்றிரவும் அவர் இருமினார். விக்கல் தெளிந்து, நாக்கில் இன்னும் எரிச்சலோடு படுத்திருந்த நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பட்டணத்துக் கனவான்கள் ஓய்வு நேரத்தில் துய்த்ததன் சிறு பகுதியை நானும் துய்த்துவிட்டேன். அடுத்த அறையில் அதன் மறுபகுதி இருமிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அண்ணனிடம் சுங்கானைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார், வற்புறுத்தவில்லை. மீதி வில்லைகளைத் தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியை அன்னையாரிடம் கொடுத்தார். மூடி இறுக்கமாக இருந்ததால் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பழைய பீடித் தகட்டையும் துருப்பிடித்த கத்தரிக்கோலையும் அதற்குள் போட்டுப் பார்த்தார். கத்தரிக்கோல் கொள்ளவில்லை. தகடு மட்டும் சரியாக அமைந்தது.