காத்திருப்பின் வரலாறு: பிரித்தானிய வெளிநோயாளர் பிரிவு பற்றிய ஒரு நோக்கு

வைத்தியசாலையின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளினதும் சத்திரசிகிச்சையினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், நோயாளர் வைத்தியரைக் காணுமுன் கழிக்கும் நேரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு சமூகம் யாருடைய நேரத்துக்கு மதிப்பளித்தது என்பதை அது புலப்படுத்துகின்றது. பிரித்தானிய வெளிநோயாளர் பிரிவுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டில் இலண்டனின் பெரிய வைத்தியசாலைகள் பல செல்வந்தரின் நன்கொடையால் இயங்கின. அவற்றிற் சிகிச்சை நாடிய வறியவர் நன்கொடையாளர் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்துடன் செல்லவேண்டியிருந்தது. 1828இல் வில்லியம் மாஸ்டன் தொடங்கிய, பின்னர் றோயல் பிறீ வைத்தியசாலை எனப் பெயர்பெற்ற நிறுவனம் இந்நிபந்தனையைக் கைவிட்டது. எனினும், தருமமாகக் கிடைப்பதற்குக் காத்திருப்பே விலை என்னும் எண்ணம் நீங்கவில்லை. வாங்குகளில் நெருங்கியிருந்தோர் தமது முறை எப்போது வருமென அறியாதிருந்தனர்.

1948 யூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை ஆரம்பமானபோது சிகிச்சை குடிமக்களின் உரிமையாயிற்று. ஆனால் உரிமை பெற்றவரும் காத்திருந்தனர். நோயாளரை ஒரே வேளையிலோ பெருந்தொகுதிகளாகவோ அழைக்கும் வழக்கம் தொடர்ந்தது. வைத்தியரின் அரிய நேரம் வீணாகலாகாது என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம். அந்நியாயம் பொய்யன்று, அதற்கு நோயாளர் கொடுத்த விலையே மிகையானது.

இம்மிகையைக் கணிதத்தால் எடுத்துக்காட்டியவர் புள்ளிவிபரவியலாளரான நோமன் பெய்லி. ஒரு நோயாளரைப் பார்வையிடச் செல்லும் நேரம் மற்றவருக்குச் செல்லும் நேரத்தை ஒத்ததன்று. ஆதலின் அவர் எழுமாற்று எண்களைக் கொண்டு பல சிகிச்சை அமர்வுகளைத் தாளிலேயே நிகழ்த்திப் பார்த்தார். 1952இல் வெளியான அவ்வாய்வின் முடிவு எளிமையானது: தொடக்கத்தில் இருவரை அழைத்து, ஏனையோரைச் சராசரிப் பார்வை நேரத்துக்குச் சமமான இடைவெளியில் ஒவ்வொருவராக அழைத்தால் போதுமானது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 24 நோயாளர் காலை 9 மணிக்கே அழைக்கப்படுவதாகவும், ஒவ்வொருவருக்கும் 5 நிமிடம் செல்வதாகவும் கொள்ளின், அவர்கள் காத்திருக்கும் மொத்த நேரம் 23 மணித்தியாலம். பெய்லியின் முறையிலோ அது 1 மணித்தியாலம் 55 நிமிடம் மட்டுமே. இரண்டிலும் வைத்தியர் சும்மா இருக்க நேர்வதில்லை. நடைமுறையில் நேரங்கள் வேறுபடுதலால் இவ்வளவு ஆதாயம் கிட்டாதெனினும், வேறுபாட்டின் திசை மாறுவதில்லை. ஆயின், வைத்தியர் பிந்தி வரின் எம்முறையும் பயன்தராது. நேரந்தவறாமை நோயாளருக்கு மட்டும் உரிய கடமையன்று.

1991இல் வெளியிடப்பட்ட நோயாளர் சாசனம், குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடங்களுக்குள் வெளிநோயாளர் பார்க்கப்படவேண்டும் என வரையறுத்தது. தருமம் பெறுபவராக இருந்தவர் கணக்குக் கேட்கும் உரிமையுடையவரானார் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

காத்திருப்பின் உளவியலை 1985இல் ஆராய்ந்த டேவிட் மைஸ்ரர், காரணம் கூறப்படாத காத்திருப்பும் எல்லை தெரியாத காத்திருப்பும் நீண்டனவாகத் தோன்றும் எனவும், அச்சம் அவற்றை மேலும் நீளச்செய்யும் எனவும் எடுத்துரைத்தார். அவர் பொதுவான சேவை வரிசைகளையே கருத்திற் கொண்டாரெனினும், இம்மூன்றும் ஒருங்கே கூடும் இடம் வைத்தியசாலையே.

மெத்தையிட்ட இருக்கையும் வண்ணச் சுவரும் வேண்டாதவையல்ல. ஆயினும் காத்திருப்பறையின் சீர்திருத்தம் அழைப்பு நேரப் பட்டியலிலிருந்தே தொடங்கவேண்டும். நோயாளரின் நேரமும் நேரமே என ஏற்காத நிருவாகம் எத்தகைய மண்டபத்தை எழுப்பினும், அது பழைய வாங்கின் புதிய வடிவமாகவே அமையும்.