ஓடும் ஓவியங்கள்

ஹிப் ஹாப் 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தது. அதன் இளமைக் காலத்தைத் திரையில் காண விழைவோர் முதலில் பார்க்கவேண்டியது சார்லி ஏஹர்ன் இயக்கி, 1983இல் வெளியான 'வைல்ட் ஸ்டைல்'. சுரங்க ரயில்களில் இரவில் ரகசியமாக ஓவியம் தீட்டும் இளைஞன் ஒருவன், தன்னை உலகுக்கு வெளிப்படுத்தத் தயங்குவதே கதை. அவனாக நடித்த லீ கினோனெஸும் உடன் நடித்த லேடி பிங்கும் உண்மையிலேயே ரயில்களில் வரைந்தவர்கள். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் சமையலறையில் நின்று இசைத்தட்டுகளை முன்னும் பின்னும் சுழற்றித் தாளம் எழுப்பும் காட்சியில் நடிப்பு இல்லை. அது அவருடைய தொழில்.

டோனி சில்வரும் ஹென்றி சால்ஃபன்ட்டும் உருவாக்கிய, அதே ஆண்டின் 'ஸ்டைல் வார்ஸ்' ஆவணப்படம் எதிர்த்தரப்புக்கும் இடமளிக்கிறது. மேயர் எட் காச்சுக்கு அவை குற்றம். சிறுவர்களுக்கோ நகரெங்கும் பயணம் செய்யும் தம் பெயர். அவர்கள் பெரும்பாலும் வரைந்தது தத்தம் புனைபெயரைத்தான்.

1989 மே மாதத்தில் ஓவியம் தாங்கிய கடைசி ரயிலும் விலக்கப்பட்டது. இசை ஒலிப்பதிவுகளில் வளர்ந்தது. நடனம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறியது. ரயில் ஓவியங்களுக்கு அந்த வாய்ப்பில்லை. புகைப்படங்களில் அவை அசையாமல் நிற்கின்றன. வரைந்தவர்கள் விரும்பியபடி ஓடிக்கொண்டிருப்பது இப்படங்களில்தான்.