கால் மெஷினும் பவர் டேபிளும்: கொங்கு நாட்டில் தையல் இயந்திரம் மாறிய வரலாறு

கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தையல் இயந்திரம் மாறிய வரலாறு, பழையது தேய்ந்ததால் புதியது வாங்கப்பட்டது என்னும் விளக்கத்துக்குள் அடங்குவதில்லை. வார்ப்பிரும்புக் கால்களின் மேல் நிற்கும் பழைய மிதி இயந்திரம், அரை நூற்றாண்டு உழைத்த பின்னரும், எண்ணெய் விட்டுத் தோல்வாரை மாற்றிக்கொடுத்தால் வாங்கிய நாளில் தைத்ததுபோலவே தைக்க வல்லது. அத்தகைய கருவி தொழிற்கூடத்தை விட்டு வெளியேற நேர்ந்ததற்கு, தைக்கப்படும் துணி மாறியதும், துணி போய்ச்சேரும் சந்தை மாறியதும், மின்சாரம் வந்ததுமே காரணங்கள். இம்மாற்றத்தோடு சேர்ந்து, இயந்திரம் யாருடைய உடைமை என்பதும் மாறிப்போனது. தையற்காரரின் சொந்தச் சொத்தாக இருந்தது கம்பெனியின் சொத்தாயிற்று. கொங்கு நாட்டுத் தையல் வரலாற்றின் மையம் இந்த உடைமை மாற்றமே எனலாம்.

ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரம் உலகெங்கும் பரவியதற்கு அதன் நுட்பம் மட்டும் காரணமன்று. 1850களிலேயே அவருடைய நிறுவனம் தொடங்கிய தவணை முறை விற்பனையும் அதே அளவு காரணமாகும். முழு விலையையும் ஒரே நேரத்தில் கொடுக்க இயலாத கைவினைஞர், மாதந்தோறும் சிறு தொகை கட்டி, கடன் தீர்ந்ததும் கருவிக்கு உரிமையாளராகலாம் என்ற ஏற்பாடு, 1870களில் இந்தியாவுக்கு வந்த சிங்கருக்கு இங்கும் வாடிக்கையாளர்களைத் தேடித் தந்தது. இந்தியாவில் விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் 1885இல் இயங்கத் தொடங்கி 1980இல் மூடப்பட்ட கில்போவி ஆலையில் உருவானவை. கறுப்பு எனாமல் பூசிய உடலில் பொன்னிறச் சித்திரமும், அடிப்பலகையில் பொறித்த வரிசை எண்ணும் அவற்றின் அடையாளங்கள். 1900க்குப் பின் அந்த எண்ணின் முன்னால் இடப்பட்ட ஆங்கில எழுத்தைக் கொண்டு, இயந்திரம் எந்த ஆலையில் எந்தக் காலத்தில் பிறந்தது என்பதை இன்றும் அறிய முடியும். கொங்கு நாட்டு வீடு ஒன்றில் பாட்டியின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் கருவிக்கு இப்படி ஒரு பிறப்புச் சான்று உண்டு என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

மிதி இயந்திரத்தில் தைப்பவரின் கால்களே ஆற்றல். கீழேயுள்ள மிதிபலகையை முன்பாதத்தாலும் குதிகாலாலும் மாறிமாறி அழுத்தும்போது பெருஞ்சக்கரம் சுழல்கிறது. அதிலிருந்து தோல்வார் மேலேறி, வலப்புறமுள்ள கைச்சக்கரத்தைச் சுழற்றுகிறது. தொடங்கும்போது கைச்சக்கரத்தை வலக்கையால் ஒருமுறை உருட்டிவிட வேண்டும். திசை தவறினால் நூல் அறுந்துவிடும். இந்த ஒருங்கிணைப்பு கைவரச் சில வாரங்கள் ஆகும் என்றாலும், வந்த பின் வேகம் முழுவதும் தைப்பவரின் உடலுக்குக் கட்டுப்பட்டது. காலர் முனையில் ஒவ்வொரு தையலாக நிறுத்தி எடுக்கவும், நீண்ட பக்கத் தையலில் விரைந்து செல்லவும் கால் ஒன்றே போதும். ஜவுளிக் கடைத் திண்ணைகளில் இயந்திரம் போட்டு அமர்ந்த தையற்காரர், கடை மாறினால் கருவியையும் கூடவே எடுத்துச் சென்றார். ஆயுதபூஜை நாளில் அதைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, ஊசிக்கு ஓய்வு கொடுத்தார். மண்வெட்டிக்கும் ஏருக்கும் கிடைத்த மதிப்பு கடல்கடந்து வந்த கருவிக்கும் கிடைத்தது என்பது, அது எவ்வளவு விரைவில் வீட்டுப் பொருளாகிவிட்டது என்பதைக் காட்டுகிறது.

இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியடிகளே தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். 1924இல் ஜி. ராமச்சந்திரனுடன் நடந்து ‘யங் இந்தியா’வில் வெளியான உரையாடலில், தன் மனைவி கையால் தைத்து அலுப்பதைக் கண்டு சிங்கர் இதை உருவாக்கினார் என்று கூறி, அன்பில் பிறந்த கருவியாக அவர் அதைப் பாராட்டினார். சிங்கரின் வாழ்க்கை வரலாறு அக்கதைக்கு வலுச் சேர்ப்பதாக இல்லை. ஆனால் தனி மனிதரின் உழைப்பைக் குறைத்து, அவரை அடிமைப்படுத்தாத கருவி என்ற அளவுகோல் ஆழமானது. அந்த ஆண்டுகளில் திருப்பூர் தென்னிந்தியக் கதர் இயக்கத்தின் முதன்மை நிலையமாக இருந்தபோதும், கையால் நூற்றுக் கையால் நெய்த துணி சட்டையாவதற்கு அயல்நாட்டு இயந்திரத்தின் கீழ் போனதை யாரும் முரணாகக் கருதவில்லை.

உள்நாட்டு உற்பத்தி 1930களில் கல்கத்தாவில் தொடங்கியது. அங்கிருந்த ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்னும் நிறுவனத்தை 1938இல் டில்லியின் லாலா ஸ்ரீராம் குழுமம் ஏற்றபின், அதன் ‘உஷா’ இயந்திரம் பரவியது. விடுதலைக்குப் பிந்தைய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் சிங்கரின் இடத்தை அதற்குத் திறந்துவிட்டன. சிங்கரைக் கொடுத்து உஷாவை வாங்கியவர்களுக்குப் பழக்கத்தை மாற்றவேண்டிய தேவை எழவில்லை. இரண்டும் ஒரே அமைப்பின, ஒரே மிதியின.

உண்மையான மாற்றம் பின்னலாடையால் வந்தது. 1920களில் திருப்பூரில் தொடங்கி மெல்ல வளர்ந்த பனியன் தொழிலுக்கு, சிங்கரும் உஷாவும் இடும் தையல் பொருந்தவில்லை. மேல்நூலும் கீழே பாபினிலிருந்து வரும் நூலும் துணியின் நடுவில் பிணைந்து இறுகுவது பூட்டுத்தையல் எனப்படும். நெய்த துணிக்கு அது மிகச் சிறந்தது. பின்னல் துணியோ கண்ணிகளால் ஆனது, இழுத்தால் நீள்வது. அதன்மேல் இட்ட பூட்டுத்தையல் துணியோடு சேர்ந்து நீளமாட்டாமல், பனியனைத் தலைவழியே இழுக்கும்போது அறுந்துவிடும். வெட்டிய விளிம்பில் கண்ணிகள் பிரிந்து ஓடுவது இன்னொரு தொல்லை. இவ்விரண்டுக்கும் விடையாக அமைந்தது ஓவர்லாக் இயந்திரம். விளிம்பைக் கத்தியால் சீவிக்கொண்டே, வளைந்த கொக்கிகள் இரண்டின் உதவியால் நூலை விளிம்பின்மேல் சுற்றிப் பின்னுவது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் மெரோ நிறுவனம் இந்த வகையை வளர்த்தெடுத்தது. கைமடிப்பையும் கழுத்துப் பட்டியையும் தட்டையாக, நீளும் தன்மையோடு தைப்பதற்குத் திருப்பூரார் பேட்லாக் என்று அழைக்கும் பிளாட்லாக் இயந்திரம் வந்தது. இவற்றில் பாபின் இல்லை. பெரிய கோன்களிலிருந்து நூல் தொடர்ந்து வருவதால், பாபின் தீர்ந்து வேலை நிற்பதும் இல்லை. நிமிடத்துக்குச் சில நூறு தையல்கள் என்னும் கால்வேகத்துக்கு மாறாக, பல ஆயிரம் தையல்கள் இடுமாறு அமைந்த இவை கால் மிதிக்கு இணங்குவன அல்ல, மின்சாரம் வேண்டும்.

அம்மின்சாரம் கொங்கு நாட்டில் ஆயத்தமாக இருந்தது. 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டம் கோவைப் பகுதியின் பஞ்சாலைகளுக்கு உயிரூட்டியது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே மின்மோட்டாரை உருவாக்கினர். பனியன் கம்பெனிகள் இந்த ஆற்றலைப் பயன்படுத்திய முறை பவர் டேபிள் எனப்பட்டது. நீண்ட மேசையின்மேல் இயந்திரங்களை வரிசையாகப் பொருத்தி, அடியில் ஒரே மோட்டாரால் சுழலும் இரும்புத் தண்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் வார் ஏற்றுவது அதன் அமைப்பு. தனித்தனி மோட்டார்கள் வந்து அந்தத் தண்டுகள் மறைந்த பின்னும், கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் கூடங்கள் இன்றுவரை பவர் டேபிள் என்றே வழங்குகின்றன. நேர்த்தையல் போடும் இயந்திரம் எந்த நிறுவனத்துடையதானாலும் அதை இயக்குபவர் ‘சிங்கர் டைலர்’ என்றே வேலைக்கு அழைக்கப்படுகிறார்.

பவர் டேபிளின் முன் அமர்ந்த தையற்காரருக்கும் திண்ணைத் தையற்காரருக்கும் இடையிலான வேறுபாடு பெரிது. முன்னவர் கழுத்து மட்டும், அல்லது கை மட்டும், அல்லது பக்கம் மட்டும் தைத்தார். துணியை மடித்துக் கொடுக்கக் ‘கைமடி’ என்னும் உதவியாள் பக்கத்தில் நின்றார், அவர் பல வேளைகளில் சிறுவராகவோ சிறுமியாகவோ இருந்தார் என்பது இத்தொழிலின் மறைக்க முடியாத களங்கம். கூலி பீஸ் கணக்கிலோ ஷிப்ட் கணக்கிலோ அமைந்தது. கருவி சொந்தமாக இல்லாதவருக்குக் கூட்டுச் சேர்வதைத் தவிர வேறு பலம் இல்லை. பஞ்சப்படி கேட்டு 1984இல் 127 நாட்கள் நீடித்த திருப்பூர் வேலைநிறுத்தத்தை இந்தப் பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும்.

அதே ஆண்டுகளில் ஏற்றுமதி தொடங்கிவிட்டது. 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர் ஒருவர் வெள்ளை டி-சர்ட் தேடி வந்ததும், 1980களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பெருங்கடைகள் பின்தொடர்ந்ததும் நகரைப் புரட்டிப்போட்டன. 1985இல் ஏறத்தாழ ₹15 கோடியாக இருந்த ஏற்றுமதி, 2021-22இல் ₹30,000 கோடியைத் தாண்டியது. அயல்நாட்டு வாங்குவோர் ஓர் அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று எண்ணிப் பார்த்தனர். எண்ணெய்க் கறை பட்ட துணியைத் திருப்பி அனுப்பினர். ஆகவே ஜூக்கி, யமாட்டோ, பெகாசஸ் போன்ற ஜப்பானிய இயந்திரங்களும் பின்னர் தைவானின் சிருபாவும் வந்தன. 1999 ஏப்ரலில் நடுவண் அரசு தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வட்டிச் சுமையைக் குறைத்தது. நாடுவாரியாக ஏற்றுமதி அளவை வரையறுத்த பன்னாட்டு இழை ஒப்பந்த முறை 2005 ஜனவரி முதல் நாளோடு முடிவுற்றபோது, வரம்பு இல்லாத போட்டிக்கு ஆயத்தமாகும் பொருட்டுப் பல கம்பெனிகள் தம் கூடங்களை மாற்றியமைத்தன.

இங்கு ஆய்வாளர்கள் போதிய அளவு வலியுறுத்தாத ஒரு செய்தி உண்டு. பெரிய கம்பெனி கழித்த இயந்திரம் உடனே உடைத்துருக்கப்படுவதில்லை. அது கைமாறி, நான்கு பழைய இயந்திரங்களோடு வாடகைக் கட்டடத்தில் தொழில் தொடங்கும் முன்னாள் டைலரிடம் போய்ச்சேர்கிறது. திருப்பூரின் நிறுவனங்கள் வளர்வதைவிடப் பிரிந்து பெருகும் இயல்பை ஆய்வாளர் பமீலா காதோர்ன் அமீபாவின் பிளவோடு ஒப்பிட்டார். சரத் சாரி, 2004இல் வெளியான தம் நூலில், கவுண்டர் சமூகத்தின் உழவர் குடும்பங்களிலிருந்து தொழிலாளராக வந்தவர்கள் தம் உழைப்பையே முதலாக முன்வைத்து முதலாளிகளானதை விரிவாக ஆராய்ந்தார். சாதி உறவும் நில உடைமையும் கடன் வசதியும் அந்த ஏற்றத்துக்கு உதவின என்பதில் ஐயமில்லை. எனினும் மலிவாகக் கிடைத்த பழைய ஓவர்லாக்கும் பேட்லாக்கும் இல்லாமல் அவர்கள் முதல் படியில் கால் வைத்திருக்க முடியாது. ஒருவருக்குக் காலாவதியான கருவி மற்றொருவருக்கு உரிமையின் தொடக்கமாயிற்று. அந்த வாய்ப்பு அருந்ததியர் போன்ற நிலமற்ற சமூகத்தவருக்கும், பெண்களுக்கும் மிக அரிதாகவே கிட்டியது என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

பெண்கள் பெருமளவில் கம்பெனி இயந்திரங்களின் முன் அமர்ந்தது ஏற்றுமதிக் காலத்தில்தான். அதற்குமுன் தையல் ஆண்களின் வேலையாகவும், செக்கிங், மடித்தல் ஆகியவை பெண்களின் வேலையாகவும் இருந்தன. ஊரில் மிதி இயந்திரத்தில் ரவிக்கை தைக்கப் பழகிய பெண், கம்பெனியில் பழையதை மறந்து புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. இரு கால்களின் ஓயாத தாளத்துக்குப் பதிலாக மெல்லிய அழுத்தம் போதும். சிறிது கூடினாலும் துணி கையை மீறி ஓடிவிடும். கற்றபின் வருமானம் வந்தது, வீட்டை விட்டு வெளியே ஒரு வாழ்க்கையும் வந்தது. அளவெடுத்து, வெட்டி, முழு ஆடையைத் தைத்து முடிக்கும் கலை மட்டும் அங்கு வேண்டப்படவில்லை. ஒரு தலைமுறையின் திறமை ஒரே தையலாகச் சுருங்கியது பெரிய இழப்பு.

அக்கலை தொடர்ந்து வாழ்ந்த இடம் வீடு. கைம்பெண்களுக்கும் கணவரால் கைவிடப்பட்டோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் வழியே வழங்கும் இலவசத் தையல் இயந்திரமும், பள்ளிச் சீருடைகளைத் தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களும், தைப்பவரும் இயந்திரமும் ஒரே வீட்டில் இருக்கும் பழைய உறவைக் காத்தன. வீடுகளில் நிகழ்ந்த மாற்றமும் பொறுமையானது: பழைய சிங்கரின் தலைப்பகுதியை அப்படியே வைத்து, கைச்சக்கரத்தை ஒட்டிச் சிறு மோட்டாரைப் பொருத்தி, மிதிபலகையின் இடத்தில் ரெகுலேட்டரை வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். முதுமையில் கால் வலிக்கும் பெண்மணிக்கு அது பெரும் விடுதலை. பழையதை விலக்காமலே புதுப்பிக்கும் இந்த ஏற்பாடு, வீட்டில் வேலையின் வேகத்தை அவளே முடிவு செய்ததால்தான் இயன்றது.

கம்பெனிகளில் இப்போது சர்வோ மோட்டார்கள் பொருத்திய கணினி இயந்திரங்கள் நிற்கின்றன. முந்தைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுழன்று மின்சாரத்தை விழுங்க, இவை மிதியை அழுத்தும்போது மட்டுமே ஓடுகின்றன, நூலையும் தாமே வெட்டுகின்றன. இவற்றின் முன் அமர்வோரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் பலர். இம்மாற்றம் தவிர்க்க முடியாதது, பல வகையில் நல்லதும்கூட. ஆனால் திருப்பூரின் வரலாறு ஏற்றுமதிக் கோடிகளில் மட்டும் எழுதப்படுவது நியாயமாகாது. பழைய கால் மெஷினையோ, தண்டு பூட்டிய பவர் டேபிளையோ பழைய இரும்புக்குப் போடும்முன், அதன் வரிசை எண்ணையும், வாங்கிய ஆண்டையும், கொடுத்த விலையையும், அதில் தைத்தவரின் பெயரையும் உரிமையாளர்கள் எழுதி வைக்க வேண்டும். கோவை, திருப்பூர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் மாணவர்களை அனுப்பி, அந்த இயந்திரங்களில் தைத்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அக்குறிப்புகளைத் திரட்ட வேண்டும்.