மலையேற்றமும் சங்கிலி மாற்றியும்: பிரான்சின் பொழுதுபோக்கு மிதிவண்டியாளரும் கியர் வளர்ச்சியும் (1887–1937)

ஆய்வுச்சுருக்கம்

மிதிவண்டியின் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் பந்தயங்களின் வரலாற்றோடு இணைத்தே எழுதப்படுகிறது. ஆயினும், இன்று மிதிவண்டிகளில் பரவலாகக் காணப்படும் பல்வேகக் கியர் அமைப்பு தொழில்முறைப் பந்தய வீரர்களின் தேவையால் முதன்மை பெற்றதன்று. ஓய்வுநாள்களில் மலைப்பாதைகளில் பயணம் செய்த ஆர்வலர்களே பிரான்சில் அதனை ஆதரித்து, சோதித்து, செப்பம் செய்தனர். அந்நாட்டின் தலைமைப் பந்தயமான தூர் தெ பிரான்சு, 1937ஆம் ஆண்டுவரை சங்கிலி மாற்றியை ஏற்கவில்லை. ஒரே கருவியைப் பற்றி இரு தரப்பினரும் எதிரெதிர் முடிவுக்கு வந்தமைக்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மிதிவண்டி, கியர், சங்கிலி மாற்றி, வெலோசியோ, மிதிவண்டிச் சுற்றுலா, தூர் தெ பிரான்சு, தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

ஒரு கருவி எவ்வடிவில் நிலைபெறும் என்பதை அதன் இயந்திரத் திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைப் பயன்படுத்தும் சமூகக் குழுக்கள் அதற்குத் தரும் பொருளும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. இக்கருத்தை டிரெவர் பின்ச், வீபே பைக்கர் ஆகிய இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் மிதிவண்டியையே சான்றாகக் கொண்டு நிறுவ முயன்றனர். உயர்ந்த முன்சக்கரம் கொண்ட வண்டி இளைஞர்களுக்கு வீரத்தின் அடையாளமாகவும், பெண்களுக்கும் முதியோருக்கும் ஆபத்தான பொருளாகவும் விளங்கியதை அவர்கள் எடுத்துக்காட்டினர். அவர்களது ஆய்வு, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவுடைய பாதுகாப்பு மிதிவண்டி நிலைபெற்றதோடு நிறைவடைகிறது. அதன்பின் எழுந்த கியர் பற்றிய கருத்து மோதலுக்கும் அவர்களது அணுகுமுறை பொருந்துகிறது. இம்மோதல் பிரான்சு நாட்டில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது.

ஒற்றைக் கியரின் இடர்ப்பாடு

ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் உருவாக்கிய 'ரோவர்' மிதிவண்டியில் பெடலின் விசை சங்கிலி வழியாகப் பின்சக்கரத்தை அடைந்தது. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தபின் பயணம் மேலும் எளிதாயிற்று. எனினும், பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி செல்லும் தொலைவு மாறாத ஒன்றாகவே இருந்தது. அத்தொலைவு முன், பின் பற்சக்கரங்களின் பற்களின் எண்ணிக்கையையும் சக்கரத்தின் சுற்றளவையும் பொறுத்தது.

இதனை எளிய கணக்கால் விளக்கலாம். முன்னே 44 பற்கள், பின்னே 16 பற்கள், சக்கரச் சுற்றளவு 2.1 மீட்டர் எனக் கொண்டால், ஒரு பெடல் சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.8 மீட்டர் நகரும். சமவெளிக்கு இது ஏற்றது. மலைச்சரிவில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டராகக் குறையும்போது, அதே அமைப்பில் கால்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 29 முறை மட்டுமே சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் உடலின் முழு எடையையும் செலுத்த நேரிடும். முன்னே 30 பற்கள், பின்னே 24 பற்கள் இருப்பின், அதே வேகத்தில் கால்கள் ஏறத்தாழ 63 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் வேண்டிய விசை பாதிக்கும் குறைவாகும். செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே. உடல் அதனைத் தாங்கும் முறையே வேறுபடுகிறது. ஆற்றல் மிக்க இளைஞர் முதல் வகையால் சிறிது நேரம் சமாளிக்கலாம். நாள் முழுதும் பயணம் செய்யும் நடுவயதினருக்கு இரண்டாம் வகையே உகந்தது. கியர் பற்றிய கருத்து மோதலின் வேர் இவ்வேறுபாட்டில் உள்ளது.

வெலோசியோவும் சேந்த் எத்தியேன் வட்டமும்

பிரான்சின் சேந்த் எத்தியேன் நகரம் பட்டு நாடா நெசவுக்கும் ஆயுத உற்பத்திக்கும் பெயர்பெற்றது. உலோகத் தொழிலில் தேர்ந்த கைவினைஞர் அங்கு மிகுதியாக இருந்தமையால், மிதிவண்டித் தொழிலும் அங்கு விரைவில் வேரூன்றியது. மலைகள் சூழ்ந்த அந்நகரிலிருந்து தெற்கே செல்லும் சாலை 1161 மீட்டர் உயரமுள்ள ரெபுப்ளிக் கணவாயைக் கடக்க வேண்டும். தொழில்திறனும் மலைச்சாலையும் ஓரிடத்தில் கூடியதே அந்நகரைக் கியர் சோதனைகளின் களமாக்கியது.

பட்டு வணிகத்தில் ஈடுபட்டிருந்த பால் தெ விவி (1853–1930), 1887இல் அந்நகரில் மிதிவண்டிக் கடை ஒன்றைத் தொடங்கியதோடு, பின்னர் 'லெ சிக்ளிஸ்த்' எனப் பெயர்பெற்ற இதழையும் வெளியிட்டார். 'வெலோசியோ' என்னும் புனைபெயரில் அவர் எழுதிய பயணக் குறிப்புகளும் கருவி ஆய்வுகளும் அவ்விதழை ஆர்வலர்களின் கருத்துக்களமாக மாற்றின. மிதிவண்டிச் சுற்றுலாவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைப் பரப்பிய பெருமையும் அவருக்குரியது. மரக்கறி உணவு, எளிய வாழ்வு, எசுப்பெராந்தோ மொழி ஆகியவற்றிலும் அவர் ஈடுபாடு கொண்டிருந்தார். களைப்படையும்வரை ஓட்டலாகாது, பசிக்கும் முன்பே உண்ண வேண்டும், பிறர் பாராட்டுக்காக ஓட்டலாகாது என்பன போன்ற அவருடைய அறிவுரைகள், மிதிவண்டியை உடல்நலத்திற்கும் இயற்கை நுகர்வுக்கும் உரிய கருவியாக அவர் கருதியதைக் காட்டுகின்றன.

இக்கருத்தே அவரைக் கியர் சோதனைகளுக்கு இட்டுச் சென்றது. முன்னே இரண்டு பற்சக்கரங்களைப் பொருத்தி, வண்டியை நிறுத்திச் சங்கிலியைக் கையால் மாற்றுவது தொடக்கநிலை ஏற்பாடாக இருந்தது. வண்டியின் இருபுறமும் தனித்தனிச் சங்கிலி பூட்டும் முறையும் சோதிக்கப்பட்டது. அந்நகரின் பெருந்தொழிற்சாலை ஒன்று தயாரித்த 'இரோந்தெல்' வண்டிகளில், பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் எளிய கியர் இயங்கும் விந்தையான ஏற்பாடும் விற்பனைக்கு வந்தது. சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் சங்கிலி மாற்றி இவற்றுக்குப் பின்னர் செம்மையடைந்தது. ழொவானி பனேல் உருவாக்கிய 'ஷெமினோ' 1910களில் இவ்வகையில் குறிப்பிடத்தக்கதாயிற்று. 'ஷெமினோ' என்னும் சொல்லுக்கு நாடோடி என்பது பொருள். பயணிக்காகவே அக்கருவி உருவாயிற்று என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

1902: தூர்மலேச் சோதனை

1890இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சுச் சுற்றுலாச் சங்கம் 1902இல் பிரனீசு மலைத்தொடரில் பயண மிதிவண்டிகளுக்கான போட்டி ஒன்றை நடத்தியது. 2115 மீட்டர் உயரமுள்ள தூர்மலேக் கணவாய் அதன் களமாயிற்று. வீரர்களைத் தரவரிசைப்படுத்துவதைவிட வண்டிகளின் தகுதியை அறிவதே அதன் நோக்கம். மூவேகக் கியர் பொருத்திய 'கோல்வாஸ்' வண்டியில் மார்த் எஸ் என்னும் பெண்மணி அதில் கலந்துகொண்டது பெருங்கவனம் ஈர்த்தது. மலையேற்றம் உடல்வலிமை மிக்க ஆண்களுக்கே உரியது என்னும் எண்ணத்தை இது அசைத்தது. அதே 1902இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூவேக ஹப் கியர் உருவானதும் நோக்கத்தக்கது. பற்சக்கரங்களைப் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் அடக்கிய அவ்வமைப்பு, அன்றாடப் பயன்பாட்டு வண்டிகளில் நெடுங்காலம் நிலைத்தது.

பந்தயத்தின் மறுப்பு

சோதனையின் முடிவுகளைப் பந்தய உலகம் ஏற்கவில்லை. 'லோட்டோ' நாளிதழின் ஆசிரியர் ஆன்றி தெகிராஞ்சு, கியர் என்பது 45 வயதைக் கடந்தோருக்கே உரியது என்றும், வெற்றி தசை வலிமையால் பெறப்பட வேண்டுமேயன்றிக் கருவியின் சூழ்ச்சியால் பெறப்படலாகாது என்றும் கருதினார். இக்கருத்து அவருடையதாக மிதிவண்டி வரலாற்று நூல்களில் பரவலாகச் சுட்டப்படுகிறது.

அவரது இதழ் 1903இல் தொடங்கிய தூர் தெ பிரான்சு ஆறு கட்டங்களில் 2428 கிலோமீட்டர் நீண்டது. லியோனிலிருந்து மார்செய் வரையிலான அதன் இரண்டாம் கட்டம், வெலோசியோ பலமுறை ஏறிப் பழகிய ரெபுப்ளிக் கணவாய் வழியாகவே சென்றது. பயணிகள் கியரோடு ஏறிய அதே சாலையில் பந்தய வீரர்கள் கியரின்றி ஏறினர். 1910இல் தூர்மலேயும் பந்தயப் பாதையில் சேர்க்கப்பட்டது. அக்கால வீரர்களில் பலர் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்களைப் பொருத்தியிருந்தனர். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு ஏறுவர். உச்சியில் மீண்டும் திருப்பி மாட்டுவர். கியர் மாற்றத்தின் பயனை வீரர்கள் அறியாதிருக்கவில்லை என்பதற்கு இவ்வழக்கமே சான்று. விலக்கப்பட்டது கியர் மாற்றமன்று. ஓட்டிக்கொண்டே அதனை மாற்றித் தரும் பொறியே விலக்கப்பட்டது.

இம்மறுப்பை வெறும் பிடிவாதம் என ஒதுக்குவது வரலாற்று நோக்கில் பொருந்தாது. தொடக்ககாலச் சங்கிலி மாற்றிகள் எடையைக் கூட்டின. சேறும் தூசியும் படிந்தால் எளிதில் பழுதுபட்டன. பழுதைத் தாமே நீக்கவேண்டும் என்னும் விதிக்கு உட்பட்ட வீரர்களுக்கு இது பெரும் இடர். மேலும், கருவி வேறுபாடு வெற்றியைத் தீர்மானித்தால் பந்தயம் வணிக நிறுவனங்களின் போட்டியாகிவிடும் என்னும் அச்சமும் இருந்தது. 1930இல் நாட்டு அணிகளை அறிமுகப்படுத்திய தெகிராஞ்சு, வீரர்கள் அனைவருக்கும் நிறுவனப் பெயரற்ற ஒரே வகை வண்டிகளை வழங்கியது இவ்வச்சத்தின் விளைவாகும். பந்தயத்திற்குத் துன்பமே காட்சிப்பொருள். பயணத்திற்கோ துன்பம் நீக்கத்தக்க தடை. இரு தரப்பும் தத்தம் நோக்கிற்கேற்பச் சரியாகவே முடிவெடுத்தன எனலாம்.

நெடும்பயணச் சங்கங்களும் கருவிப் போட்டிகளும்

தெகிராஞ்சு பொழுதுபோக்கு மிதிவண்டியாளரை முற்றும் புறக்கணித்தவர் அல்லர். இத்தாலியில் 1897இல் தோன்றிய 'ஆடாக்ஸ்' முறையை 1904இல் பிரான்சுக்குக் கொண்டுவந்தவர் அவரே. குழுவாக, தலைவர் வகுத்த சீரான வேகத்தில் நெடுந்தொலைவு செல்வது அம்முறையின் இயல்பு. அதனை நடத்திவந்த பாரிசு ஆடாக்ஸ் சங்கத்திற்கும் அவருக்கும் இடையே 1921இல் பிளவு ஏற்பட்டது. அதன் விளைவாக அச்சங்கம், ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் குறித்த காலவரம்புக்குள் முடிக்கும் 'பிரவே' பயணங்களைத் தொடங்கியது. தன் உடலுக்கேற்ற வேகத்தைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை, தன் உடலுக்கேற்ற கியரைத் தெரிந்துகொள்ளும் உரிமையோடு ஒத்துச் செல்வதாகும்.

கருவி வளர்ச்சியில் அடுத்த கட்டம் 1934இல் பாரிசு மலையேற்ற மிதிவண்டியாளர் குழு ஒன்று தொடங்கிய கருவிப் போட்டியாகும். கரடுமுரடான மலைச்சாலைகளில் வண்டிகள் ஓட்டப்பட்டன. குறைந்த எடைக்கு மதிப்பெண் வழங்கப்பட்டது. உதிர்ந்த திருகுக்கும் உடைந்த உறுப்புக்கும் மதிப்பெண் குறைக்கப்பட்டது. மட்கார்டு, விளக்கு ஆகியன பயண வண்டியின் இன்றியமையாத உறுப்புகளாகக் கருதப்பட்டன. அலெக்ஸ் சிங்கர், ரெனே எர்சு முதலிய பாரிசுக் கைவினைஞர்கள் இப்போட்டிகளால் புகழ்பெற்றனர். அலுமினியக் கலவை உறுப்புகளும், எடை குறைந்த சட்டங்களும், நம்பகமான சங்கிலி மாற்றிகளும் இக்களத்தில் ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டன. வண்டி செய்பவரும் ஓட்டுபவரும் நேரில் பழகியமையால், ஓட்டுநர் கண்ட குறை அடுத்த ஆண்டின் வடிவமைப்பில் திருத்தமாக வெளிப்பட்டது.

1936–1937: ஏற்பும் பரவலும்

1936ஆம் ஆண்டு இருவகையில் திருப்புமுனையாயிற்று. அவ்வாண்டில் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்க்கு இரு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கியது. இருவர் ஓட்டும் டேண்டம் வண்டியில் ஊர்சுற்றும் இளம் தம்பதியர் அவ்விடுமுறையின் அடையாளமாகவே நினைவில் நிலைத்தனர். நடுத்தர வகுப்பினரின் பொழுதுபோக்காக இருந்த மிதிவண்டிச் சுற்றுலா, உழைக்கும் மக்களின் உரிமையாகவும் விரிவடைந்தது. அதே ஆண்டில் உடல்நலக் குறைவால் தெகிராஞ்சு பந்தயப் பொறுப்பிலிருந்து விலக, ழாக் கோதே பொறுப்பேற்றார். 1937இல் சங்கிலி மாற்றி தூர் தெ பிரான்சில் ஏற்கப்பட்டது. அவ்வாண்டு வென்ற ரொஜே லப்பெபீ, அக்கருவியைப் பயன்படுத்தி வெற்றிபெற்ற முதல் வீரராவார். அதற்குள் வெலோசியோ மறைந்து ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, புதுமை உச்சநிலைப் போட்டியில் பிறந்து பின்னர் பொதுமக்களைச் சென்றடைகிறது என்னும் பரவலான கருத்து கியருக்குப் பொருந்தவில்லை. சராசரி உடலின் தேவையே இங்குப் புதுமைக்கு ஊற்றாயிற்று. வலிமை மிக்கோர் இல்லாமலேயே சமாளித்த ஒன்றை, வலிமை குறைந்தோர் வேண்டினர். அவர்கள் பொருட்டுச் செப்பமுற்றபின் அதனை வலிமை மிக்கோரும் கைக்கொண்டனர். இரண்டாவதாக, பந்தய வெற்றிப் பட்டியல்களை மட்டுமே சான்றாகக் கொள்ளும் வரலாற்றெழுத்து, 1937ஐக் கியரின் தொடக்கமாகக் காட்டிவிடும். பயண இதழ்களும் சங்க நடவடிக்கைகளும் கருவிப் போட்டிகளின் முடிவுகளும் சான்றுகளாகும்போதுதான் அதற்கு முந்தைய ஐம்பதாண்டு உழைப்பு புலப்படுகிறது.

1891இல் தொழில்முறைப் பந்தயமாகத் தொடங்கிய பாரிசு–பிரெசுத்து–பாரிசு நெடுவழியில், 1931 முதல் பாரிசு ஆடாக்ஸ் சங்கத்தின் பயணிகளும் கலந்துகொண்டனர். தொழில்முறைப் பந்தயம் 1951உடன் நின்றுபோயிற்று; ஆர்வலர் பயணமோ இன்றும் நான்காண்டுகளுக்கு ஒருமுறை ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் தொலைவுக்கு நடைபெறுகிறது. அச்சங்கத்தின் விதிப்படி 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திற்குள் முடிக்கும் பிரவே பயணங்கள் சென்னை, கோயம்புத்தூர் உள்ளிட்ட தமிழக நகரங்களிலும் நடத்தப்படுகின்றன. அவற்றில் பங்கேற்போர் ஏற்றத்தில் கியரைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும், சேந்த் எத்தியேன் ஆர்வலர்கள் வாதிட்டு நிலைநாட்டிய ஓர் உரிமையையே பயன்படுத்துகின்றனர். தமிழ்நாட்டின் மிதிவண்டிப் பயன்பாட்டு வரலாற்றை எழுத முற்படும் ஆய்வாளர்க்கும் பந்தயக் களத்திற்கு வெளியே உள்ள இத்தகைய சான்றுகளே முதன்மையாதல் வேண்டும்.