அப்பாவுக்கு ரெண்டு இனிஷியலா? தேயிலைத் தோட்டக் குடும்பங்களில் வேரைத் தேடுவது எப்படி?

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய பாஸ்போர்ட். அதில் அப்பாவின் இனிஷியல் 'மு'. ஆதாரில் 'ரா'. கேட்டால், "அவனைப் பெரியப்பாதான் எடுத்து வளர்த்தார்" என்று ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடும்.

நீலகிரி மாவட்டத்தில் தேவர்சோலை, கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் இப்படி ஒரு கதை இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதற்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கு.

ஏன் இந்தக் குழப்பம்?

இலங்கை மலையகத் தமிழர்களின் குடியுரிமை தொடர்பாக 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9.75 லட்சம் பேரில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. மீதி 1.5 லட்சம் பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்க 1974-ல் ஒப்புக்கொண்டன.

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-ல் தொடங்கியதுதான் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம். 1976-ல் அது 'டேன்டீ' நிறுவனமானது.

ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று பிரிந்தவர்கள் உண்டு. அம்மா இல்லாத பிள்ளை சித்தி வீட்டிலோ, பெரியப்பா வீட்டிலோ வளர்வதும் சகஜம். எந்தப் பத்திரமும் எழுதுவதில்லை. பள்ளியில் சேர்க்கும்போது வளர்த்தவர் பெயரையே அப்பா பெயராகக் கொடுத்துவிடுவார்கள். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான் அடையாளம். ஒரு எழுத்து மாறினால் ஒரு தலைமுறையே மறைந்துவிடும்.

எங்கே தேடலாம்?

* வீட்டுப் பெரியவர்கள்: முதலில் இவங்கதான். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யாரோடு கப்பல் ஏறினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். செல்லப் பெயரையும் விடாதீர்கள்.

* பாஸ்போர்ட், குடும்ப அட்டை: தாயகம் திரும்பியபோது கொண்டுவந்த ஆவணங்கள். பிள்ளையின் உறவு என்ன என்று போட்டிருக்கிறது, வயது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

* இலங்கை பிறப்புச் சான்றிதழ்: அங்குள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழ், பிரதேச செயலகங்களில் பிரதி பெறலாம். சிங்களத்தில் எழுதிய பெயர் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் வரும்போது ஒலி மாறியிருக்கலாம். ஒரே பெயரை நாலைந்து விதமாக எழுதித் தேடணும்.

* பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தோட்ட செக்ரோல், பி.எஃப். நாமினி படிவம்: அப்பா பெயர் எந்த ஆண்டில் மாறியது என்பது இவற்றை வரிசையாக வைத்தால் தெரியும்.

* தமிழ்நாடு அரசிதழ்: முறைப்படி பெயர் மாற்றியிருந்தால் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் அதில் இருக்கும்.

வளர்ப்புப் பிள்ளையும் தத்துப் பிள்ளையும் ஒண்ணா?

சட்டத்தின் பார்வையில் இல்லை. 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, பெற்றவர் கொடுக்க, வளர்ப்பவர் பெற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது; மாறான வழக்கம் இருந்தால் மட்டுமே விலக்கு. பத்திரம் கட்டாயமில்லை. ஆனா பதிவு செய்த பத்திரம் இருந்தால், தத்து சட்டப்படி நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அதைப் பொய் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இந்தச் சட்டம் முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தாது. எந்த மதத்தினரும் இளைஞர் நீதிச் சட்டம் 2015 வழியாகத் தத்தெடுக்கலாம். 2022 செப்டம்பர் முதல் அதற்கான உத்தரவை மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார்.

சொத்தில் என்ன வித்தியாசம்?

தத்துப் பிள்ளை வாரிசு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், வெறுமனே எடுத்து வளர்த்த பிள்ளைக்கு அந்த உரிமை தானாக வராது. வளர்த்தவர் உயில் எழுதினால் கிடைக்கும். அதனால் வளர்த்தவர் உயிரோடு இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

கவனிக்க வேண்டியது

இனிஷியல் வேறாக இருப்பதை மட்டும் வைத்து தத்து என்று முடிவு கட்டாதீர்கள். அது எழுத்துப் பிழையாகவும் இருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஆவணமாவது ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். சான்றிதழ்களைத் திருத்த ஓடுவதற்கு முன்னால் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இன்னொன்று: ஐம்பது வருஷம் சொல்லாமல் இருந்ததற்கு வீட்டில் ஒரு காரணம் இருந்திருக்கும். பேப்பரை முகத்துக்கு நேரே நீட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெற்றவர் பெயர் கிடைத்தாலும், வளர்த்தவர் பெயரை அழிக்க வேண்டியதில்லை. குடும்ப மரத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு.