நொடிப்பை முன்னறியலாமா? – திண்டுக்கல் பூட்டு கூறும் பாடம்

கடன் தீர்க்க வழியின்றிக் கையை விரித்த வணிகரை 'மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்' என்பது நம் வழக்கு. கடுதாசி வெளிவருவது கடைசி நாளில்; நோய் தொடங்குவதோ பல ஆண்டுகளுக்கு முன்பு. அந்நோயை முன்கூட்டியே அறிய இயலுமா?

1968ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ஆல்ட்மன் இதற்கென ஒரு வாய்பாடு வகுத்தார். நொடித்துப்போன 33 உற்பத்தி நிறுவனங்களையும் நலமாயிருந்த 33 நிறுவனங்களையும் அவர் ஒப்பிட்டார். அவற்றின் கணக்குகளிலிருந்து ஐந்து விகிதங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் உரிய எண்ணால் பெருக்கிக் கூட்டினார். கூட்டுத்தொகை 1.81க்குக் குறைந்தால் ஆபத்து, 2.99ஐத் தாண்டினால் அச்சமில்லை. நொடித்த நிறுவனங்களுள் 94 விழுக்காட்டை ஓராண்டுக்கு முன்னரும், 72 விழுக்காட்டை ஈராண்டுக்கு முன்னரும் இவ்வாய்பாடு இனங்காட்டியது. சொத்து மதிப்பில் இலாபம் எத்தனை பங்கு என்னும் விகிதத்துக்கே இதில் மிகுந்த பெருக்கெண், 3.3, தரப்பட்டுள்ளது.

இனித் திண்டுக்கல்லுக்கு வருவோம். இவ்வூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் உள்ள பூட்டுப் பட்டறைகளுக்குப் பங்குச் சந்தையில் விலை இல்லை. ஆல்ட்மனின் முதல் வாய்பாடு இங்கே செல்லாது. ஆயினும் நலிவின் காரணத்தை நாம் கண்டறியலாம்.

பூட்டினுள் சிறு நெம்புத் தகடுகள் உள்ளன. சாவியின் வெட்டுகள் அத்தகடுகளைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். இதைக் கையால் அராவிப் பொருத்துவதே திண்டுக்கல் பூட்டின் சிறப்பு. கோயில்களும் கிடங்குகளும் இதை நம்பி வாங்கின. ஆனால் அராவும் வேலையை விரைவுபடுத்த இயலாது. அலிகாரிலிருந்து எந்திரப் பூட்டுகள் மலிவாக வந்தபோது, சந்தை விலையை எந்திரம் தீர்மானித்தது. நேரத்தைச் செலவிட்டதோ கை. இலாபம் சுருங்கியது, கூலியும் சுருங்கியது, தச்சரின், கொல்லரின் பிள்ளைகள் வேறு வேலை தேடினர். ஆல்ட்மன் முதலிடம் தந்த இலாப விகிதமே இங்கும் முதலில் தேய்ந்தது!

2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். கூலியை உயர்த்தித் தராது. பட்டறையின் பெரிய மூலதனம் கைத்திறன். எந்தக் கணக்கேட்டிலும் அது எழுதப்படுவதில்லை. தொழில் கற்க இளைஞர் ஒருவரும் வராத ஆண்டையே அபாய அறிவிப்பாகக் கொள்ள வேண்டும். அதைக் கவனிக்க வாய்பாடு தேவையில்லை. ஆண்டுதோறும் பட்டறையில் தலைகளை எண்ணினால் போதும்.