பிழைபட்ட கருவியும் அதனை மீட்டலும்

நோயுணர்த்தும் கருவி பிழைபடின், வைத்தியரின் அறிவும் வழிதவறும். அண்மைக்கால வரலாறு இதனை இருமுறை உணர்த்திற்று.

குருதியிலுள்ள எதிர்ப்பொருளைக் கொண்டு காசநோயை அறியும் சோதனைகள் இந்தியத் தனியார் ஆய்வுகூடங்களிற் பெரிதும் வழங்கின. அவை நோயற்றாரை நோயாளரென்றும், நோயுற்றாரை நலமுடையாரென்றும் காட்டின. 2011 யூலையில் உலக சுகாதார நிறுவனம் அவற்றை விலக்குமாறு கூறிற்று. 2012 யூனிலேயே இந்திய அரசு தடைவிதித்தது. ஏறக்குறைய ஓராண்டு கழிந்தது.

2020 ஏப்பிரலில், கொரோனா நோய் பரவியகாலை, சீனாவிலிருந்து விரைவுச் சோதனைக் கருவிகள் இந்தியாவுக்கு வந்தன. நோய் உறுதிப்பட்டோரிடத்தே அவற்றைச் சோதித்த இராசத்தான் அரசு, செம்மை 5.4 வீதமேயெனக் கண்டது. 21ஆம் நாள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவற்றின் பயன்பாட்டை நிறுத்திற்று. 27ஆம் நாள் திருப்பியனுப்பப் பணித்தது. தமிழ்நாடு 24,000 கருவிகளைத் திருப்பிற்று. இங்குக் கழிந்தவை ஆறு நாள்களே. பயன்படுத்துவோரே கருவியை ஒப்பிட்டுச் சோதித்தமை இவ்விரைவுக்குக் காரணமாயிற்று.

திருகோணமலைக்கு வடக்கே, கடலோரக் குச்சவெளியில் விரல்நுனிக் குருதி கொடுக்கும் ஒருவர் கருவியின் தரத்தை அளந்தறிய வல்லரல்லர். அவர்பொருட்டு அதனை முன்னரே சோதித்தலும், பிழை கண்டவழித் தாழாது மீட்டலும் அரசின் கடனாம்.